சுருதி ஏன் நடுங்குகிறது? காதுக்கருவியின் அதிர்வெண் நகர்த்தல் பற்றி

கேள்வி கேட்டிருக்கும் சகோதரி கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கிறார். அவருடைய அப்பா பல வருடமாகப் பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக்கொடுத்தவர், எழுபதைத் தாண்டியவர். பழைய காதுக்கருவி அடிக்கடி விசில் அடித்ததால் புதிதாக ஒன்று வாங்கிப் போட்டிருக்கிறார்கள். இப்போது விசில் அறவே இல்லை, பேச்சும் தெளிவாகக் கேட்கிறது. ஆனால் சுருதிப்பெட்டியை வைத்தால் "சுருதி நடுங்குது" என்கிறாராம். வாங்கிய கடையில் சோதித்துப் பார்த்து, கருவியில் கோளாறு ஒன்றும் இல்லை, பழகினால் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். தெரிந்தவர் ஒருவர் 'ஃப்ரீக்வென்சி ஷிஃப்ட்' வேலை இது என்றாராம். அது என்ன, அதை அணைத்துவிடலாமா என்பதுதான் கேள்வி.

உங்கள் அப்பாவுக்குக் கேட்பது பிரமை இல்லை. அந்த நடுக்கம் அநேகமாக உண்மையிலேயே அவர் செவிப்பறையில் நடக்கிறது. கருவியும் கெட்டுப்போகவில்லை, விசிலைத் தடுக்கும் தன் வேலையைத்தான் செய்கிறது. கோலாலம்பூரில் காதுக்கருவி பொருத்தும் வேலையில் இருக்கிற எனக்கு, இசை தெரிந்தவர்கள் இதே குறையோடு வரும்போதெல்லாம் "பழகிக்கொள்ளுங்கள்" என்று சொல்லி அனுப்புவதில் உடன்பாடே இல்லை. காரணம் தெரிந்தால் பெரும்பாலும் வழி இருக்கிறது.

முதலில் விசில் எப்படி வருகிறது என்று பார்ப்போம். காதுமடலுக்குப் பின்னால் மைக், காதுத் துளைக்குள் குட்டி ஸ்பீக்கர். இரண்டுக்கும் நடுவே சில சென்டிமீட்டர்தான் இடைவெளி. ஸ்பீக்கரிலிருந்து வரும் சத்தத்தில் ஒரு பகுதி காதை விட்டு வெளியே கசிகிறது, மைக் அதையும் பிடித்து மறுபடி பெருக்குகிறது. கோயில் மண்டபத்தில் மைக்கை ஸ்பீக்கருக்கு எதிரே கொண்டுபோனால் 'கூ...' என்று கத்துமே, அதே சங்கதிதான் இங்கே சின்ன அளவில் நடக்கிறது. ஒரு கணக்கு சொல்கிறேன். கருவி 40 டெசிபல் பெருக்குகிறது, வெளியே கசியும்போது 35 டெசிபல் குறைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் ஒவ்வொரு சுற்றுக்கும் 5 டெசிபல் கூடிக்கொண்டே போகும். இன்றைய டிஜிட்டல் கருவிக்குள் ஒலி நுழைந்து வெளியேற 5 முதல் 8 மில்லிசெகண்ட் வரை ஆகும். அதாவது ஒரு செகண்டுக்குள் நூறு சுற்றுக்கு மேல் போய்விடும். அதனால்தான் விசில் மெல்ல வளர்வதாகத் தெரியாமல் சட்டென்று வெடித்துக் கிளம்புகிறது.

பெருக்கம் கசிவை மிஞ்சினால் மட்டும் போதாது. சுற்றி வந்த அலை, புதிதாக வரும் அலையோடு ஏற்றமும் இறக்கமும் பொருந்தி வந்து சேரவேண்டும். இரண்டும் சேர்ந்து அமையும் அதிர்வெண்ணில்தான் விசில் பிறக்கும். காதுக்கருவிகளில் அது பெரும்பாலும் 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் பக்கம். வயதானவர்களுக்குக் கேட்பு குறைவதும் அதே பக்கம், கருவி அதிகமாகப் பெருக்குவதும் அதே பக்கம்.

அந்தக் காலத்தில் இதற்குச் செய்த வைத்தியம், விசில் வரும் இடத்தில் பெருக்கத்தை வெட்டிவிடுவது. இன்றைக்கும் அவசரத்துக்கு அதைச் செய்கிறவர்கள் உண்டு. எனக்கு அது பிடிக்காது. ச, ஷ, ஸ போன்ற ஒலிகளும், ட, த முதலியவற்றின் வெடிப்பும் அந்த மேல்பகுதியில்தான் இருக்கின்றன. அங்கே வெட்டினால் விசிலோடு சேர்த்துப் பேச்சின் தெளிவும் போய்விடும். கேட்பதற்காகக் காசு கொடுத்து வாங்கிய கருவியில், கேட்கவேண்டிய இடத்தையே அணைத்த கதை ஆகிவிடும்.

இப்போதைய கருவிகள் வேறு வழியில் போகின்றன. உள்ளே இருக்கும் சிப், எவ்வளவு சத்தம் எந்த வடிவில் கசிந்து திரும்புகிறது என்று இடைவிடாமல் கணித்துக்கொண்டே இருக்கும். தான் வெளியே அனுப்பியதையும் மைக் பிடித்ததையும் ஒப்பிட்டு, கசிவு என்று தோன்றுவதை அப்படியே கழித்துவிடும். இதைத் தகவமைவு வடிகட்டி என்பார்கள். பெருக்கத்தில் கை வைக்காமலே விசில் அடங்கிவிடும். ஃபோனைக் காதருகே கொண்டுபோனாலோ, பேரப்பிள்ளை ஓடிவந்து கட்டிப்பிடித்தாலோ கசிவுப் பாதை சட்டென்று மாறும். 10 டெசிபலுக்கு மேல்கூடக் கசிவு கூடலாம். வடிகட்டி அதையும் துரத்திப் பிடித்துக் கற்றுக்கொள்ளும்.

சிக்கல் வருவது நீண்ட ஸ்வரத்தில்தான். பேச்சு நொடிக்கு நொடி மாறுகிறது. முன்பு அனுப்பியதும் இப்போது மைக்கில் வருவதும் வேறு வேறாக இருப்பதால் கசிவைப் பிரித்தறிவது எளிது. தம்பூராவோ சுருதிப்பெட்டியோ அப்படியா? சற்று முன் ஒலித்த அதே ஒலிதான் இப்போதும் ஒலிக்கிறது. வெளியே அனுப்பியதும் உள்ளே வருவதும் ஒன்றுபோலவே இருப்பதால், சுருதியையே கசிவு என்று சிப் எடுத்துக்கொள்கிறது. எடுத்துக்கொண்டு அதைக் கழிக்கப் பார்க்கும். சுருதி மங்கும், திரியும், நிறுத்திய பிறகும் ஒரு கணம் கீச்சென்று வால் நீளும். புல்லாங்குழலிலும், அழைப்பு மணியிலும், மைக்ரோவேவ் அடுப்பின் 'பீப்' சத்தத்திலும் இதைக் கேட்டதாகப் பலர் சொல்வார்கள்.

அதிர்வெண் நகர்த்தல் உள்ளே வருவது இந்த இடத்தில்தான். கருவி பெருக்கிய ஒலியை வெளியே விடுமுன் ஒரு சின்ன அளவு, பரவலாகப் பயன்படும் அளவாகச் சொன்னால் 10 ஹெர்ட்ஸ், தள்ளிவிடும். 1600 ஹெர்ட்ஸ் உள்ளே போனால் 1610 ஆக வெளியே வரும். டேப்பை வேகமாக ஓட்டுவதுபோல் எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் ஏற்றுவதில்லை. நகர்த்தும் பகுதியில் உள்ள ஒவ்வொரு அதிர்வெண்ணோடும் அதே 10-ஐக் கூட்டுகிறது, அவ்வளவுதான். ஒலியைப் பல பட்டைகளாகப் பிரித்து வைத்திருக்கும் டிஜிட்டல் கருவிக்கு இது பெரிய வேலையே இல்லை. ஒவ்வொரு பட்டையிலும் அலையின் கட்டத்தை, அதாவது ஏற்ற இறக்கச் சுழற்சியில் அது நிற்கும் இடத்தை, நொடிக்கு 10 முறை முழுச்சுற்று சுற்றிவிட்டால் 10 ஹெர்ட்ஸ் நகர்ந்துவிடும்.

இதனால் என்ன லாபம்? வெளியே போவது 1610, வெளி உலகத்திலிருந்து வருவது 1600. இரண்டுக்கும் இடையே இருந்த பொய்யான ஒற்றுமை நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் ஒரு முழுச்சுற்று சுற்றித் தன்னைத் தானே அழித்துக்கொள்கிறது. உண்மையான கசிவோ 1610 ஆகவே திரும்பி வரும். இப்போது எது சுருதி, எது கசிவு என்று சிப்புக்குப் பிரித்தறிய முடிகிறது. வடிகட்டி ஏமாறுவது பெரிதும் குறையும். விசிலும் நிலைகொள்ள முடியாது, ஏனென்றால் ஒவ்வொரு சுற்றிலும் 10 ஹெர்ட்ஸ் நகர்ந்துகொண்டே போகும் ஒலி, தனக்குச் சாதகமான அதிர்வெண்ணை விட்டுச் சீக்கிரமே வெளியேறிவிடும்.

இந்த யோசனை காதுக்கருவிக்காகப் பிறந்ததில்லை. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இருந்த ஜெர்மானிய இயற்பியலாளர் மான்ஃபிரட் ஷ்ரோடர், 1960-களின் தொடக்கத்தில் மண்டப ஒலிபெருக்கிகளுக்காக முன்வைத்தது. பெரிய மண்டபத்தில் சுவர்களிலும் கூரையிலும் பட்டுத் திரும்பும் ஒலிகள் கலந்து, சில அதிர்வெண்கள் மேடாகவும் அடுத்தவை பள்ளமாகவும் ஆகிவிடும். அந்த மேட்டுக்கும் பள்ளத்துக்கும் இடைவெளி சில ஹெர்ட்ஸ்தான். ஆகவே ஏறத்தாழ 5 ஹெர்ட்ஸ் நகர்த்தினாலே, முதல் சுற்றில் மேட்டில் நின்ற ஒலி அடுத்த சுற்றில் பள்ளத்தில் விழுந்துவிடும். கத்தல் தொடங்குமுன் இன்னும் சில டெசிபல் கூட்டிவைக்க இடம் கிடைக்கும்.

காதுக்கருவிக்கு அந்தக் காரணம் அவ்வளவாகப் பொருந்தாது. கசிவுப் பாதை சில சென்டிமீட்டர்தான் என்பதால் அங்கே நெருக்கமான மேடுபள்ளங்கள் கிடையாது. 10 ஹெர்ட்ஸ் நகர்த்தியதால் மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் போய்விடாது. இங்கே நகர்த்தலின் முதன்மையான வேலை, மேலே சொன்னபடி, வடிகட்டி ஏமாறாமல் பார்த்துக்கொள்வது. ஷ்ரோடரின் விளக்கத்தையே காதுக்கருவிக்கும் பொருத்திச் சொல்பவர்கள் இருப்பதால் இதைக் குறிப்பிடவேண்டியிருக்கிறது.

இந்த நகர்த்தலைக் கீழ் அதிர்வெண்களில் செய்வதில்லை. ஏன்? 200 ஹெர்ட்ஸில் 10-ஐக் கூட்டினால் 5 விழுக்காடு ஏறிவிடும். சட்ஜம் கிட்டத்தட்ட சுத்த ரிஷபத்தின் வாசலுக்கே வந்துவிடும். அதை யாராலும் பொறுக்க முடியாது. அந்தப் பக்கம் விசிலும் அபூர்வம். ஆகவே பொதுவாக 1000 அல்லது 1500 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் நகர்த்துவார்கள். பேச்சுக்கு இதனால் பாதிப்பே இல்லை என்று சொல்லலாம். தொனி மாறினால் பொருளே மாறிவிடும் கண்டோனீஸ், மாண்டரின் பேசுபவர்களுக்கும் பேச்சு கெடுவதில்லை. தொனியைச் சுமப்பது குரலின் அடிப்படை அதிர்வெண்ணும் அதையொட்டிய கீழ்ப்பகுதியும். அங்கே கருவி கை வைக்கவில்லை.

சரி, அப்பாவுக்கு மட்டும் ஏன் நடுங்குகிறது?

கணக்குக்கு வசதியாக அவருடைய ஆதார சட்ஜம் 200 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். தம்பூராவின் ஒற்றை மீட்டில் 200 மட்டும் ஒலிப்பதில்லை. 400, 600, 800 என்று அதன் மடங்குகள் வரிசையாக மேலே ஏறிப்போகும். ஜீவா (தந்திக்கு அடியில் வைக்கும் நூல்) நன்றாகப் பிடித்த தம்பூராவில் இவை பல ஆயிரம் ஹெர்ட்ஸ் வரை தெளிவாக எழும். எட்டாம் மடங்கான 1600 மறுபடி சட்ஜம், பத்தாவதான 2000 அந்தர காந்தாரம், பன்னிரண்டாவதான 2400 பஞ்சமம். சட்ஜத்தை மீட்டும்போதே காந்தாரம் தானாகக் கேட்கிறது என்பார்களே, அது இப்படித்தான். நகர்த்தலுக்குப் பிறகு இவை 1610, 2010, 2410. இனி இவை 200-இன் மடங்குகள் இல்லை. 1600-க்கும் 1610-க்கும் உள்ள வித்தியாசம், 22 சுருதிகளில் மிகச் சிறிய இடைவெளியான 81/80-இல் சரியாகப் பாதி. மிக நுட்பமான காது இதையும் ஏதோ ஒரு கூர்மையாக உணரலாம். ஆனால் இதனால் மட்டும் நடுக்கம் வராது.

நடுக்கம் வருவது இரண்டு ஒலிகள் சேரும்போது. புதிய கருவிகளில் பெரும்பாலும் காதுக்குள் ஓட்டைகள் உள்ள சிறு ரப்பர் டோம் போடுகிறார்கள். காது அடைத்தாற்போல் இருக்காது, சொந்தக் குரல் பானைக்குள் பேசுவதுபோல் முழங்காது, இந்த ஊர் வெக்கையில் காற்றோட்டமும் இருக்கும். நல்ல வசதிதான். ஆனால் அந்த ஓட்டைகள் வழியாக வெளி ஒலியும் நேரடியாக உள்ளே வருகிறது. சுருதிப்பெட்டியின் 1600 ஓட்டை வழியாகவும், கருவியின் 1610 ஸ்பீக்கர் வழியாகவும் ஒரே நேரத்தில் செவிப்பறையைத் தொடுகின்றன. இரண்டும் ஏறக்குறைய சம பலத்தோடு வந்தால் நொடிக்கு 10 தடவை கூடிக் குறையும் விம்மல் உண்டாகும். நேரடி ஒலியும் பெருக்கிய ஒலியும் சமமாகும் பகுதி, திறந்த டோம் போட்டவர்களுக்குப் பெரும்பாலும் 1500, 2000 ஹெர்ட்ஸை ஒட்டித்தான் வரும். நகர்த்தல் தொடங்குவதும் அங்கேதான்.

இதைக் கேட்க உங்கள் அப்பாவைவிடப் பயிற்சி பெற்ற காது எங்கே இருக்கிறது? தந்தியைச் சுருதி சேர்ப்பது என்றால் விம்மலைத் தேடிக் கண்டுபிடித்து அழிப்பதுதான். ஒரு தந்தி 200, இன்னொன்று 201 என்றால் நொடிக்கு ஒரு அலை அடிக்கும். அது நிற்கும் வரை முறுக்காணியைத் திருகுவார். வாழ்நாள் முழுக்க ஒரு அலைகூட மிஞ்சக்கூடாது என்று பழகிய காதுக்குள் நொடிக்குப் பத்து அலை அடிக்கிறது. முறுக்காணி எதுவும் அவர் கையில் இல்லை. "பழகிவிடும்" என்று அவரிடம் சொல்வது நியாயமே இல்லை.

பழைய கருவியில் இது இல்லாததற்கும் காரணம் இப்போது புரிந்திருக்கும். அதில் காதை அடைக்கும் அச்சு இருந்திருக்கலாம், நகர்த்தல் இல்லாமலும் இருந்திருக்கலாம். அதற்கு விலையாகத்தான் விசில் வந்தது.

உறுதி செய்துகொள்ள வீட்டிலேயே ஒரு சோதனை இருக்கிறது. கருவியில் புளூடூத் இருந்தால், ஃபோனில் உள்ள சுருதிப்பெட்டி செயலியை நேராகக் கருவிக்குள் அனுப்புங்கள், கருவியின் மைக்கைச் செயலியிலேயே அடக்கிவிடுங்கள். ஃபோனின் ஸ்பீக்கர் ஒலிக்கக்கூடாது. இப்போது ஓட்டை வழியாக வரும் நேரடி ஒலி இல்லை. நடுக்கம் போய்விட்டால் மேலே சொன்னதுதான் காரணம் என்று பெரும்பாலும் நம்பலாம். அப்போதும் நடுங்கினால் வேறு எங்கோ தேடவேண்டும். இன்னொன்றையும் கவனியுங்கள். சீராக, ஒரே வேகத்தில் படபடத்தால் நகர்த்தல். மங்கி மங்கி வந்து, சுருதியை நிறுத்திய பிறகு கீச்சென்று வால் விட்டால் வடிகட்டி ஏமாறுகிறது. வயலினை அழுத்தி வாசிக்கும்போது மட்டும் கரகரத்தால் இரண்டும் இல்லை. காதருகே வைத்து வாசிக்கும் வாத்தியத்தின் சத்தம் மைக் தாங்கும் எல்லையைத் தாண்டுகிறது. நாதஸ்வரமும் தவிலும் பக்கத்தில் இருக்கும்போது இது சகஜம்.

அணைத்துவிடலாமா என்று கேட்டீர்கள். எல்லா நேரத்துக்கும் அணைக்காதீர்கள். அணைத்தால் விசில் திரும்பி வரும், கடையில் மேல்பகுதிப் பெருக்கத்தை வெட்டுவார்கள், பேச்சு மங்கும். இசைக்கென்று தனியாக ஒரு புரோகிராம் போட்டுத்தரச் சொல்லுங்கள். ஒரு பொத்தானிலோ ஃபோனிலோ மாற்றிக்கொள்ளலாம். அந்தப் புரோகிராமில் நகர்த்தலை அணைக்கவேண்டும். ஃபீட்பேக் நிர்வாகத்தை, அதாவது விசிலை அடக்கும் அந்த வடிகட்டியை, முழுதும் அணைக்கலாம், அல்லது மெதுவாகக் கற்றுக்கொள்ளும் நிலைக்கு மாற்றலாம். இரைச்சல் குறைப்பு வேண்டாம், மைக் எல்லாத் திசையிலும் கேட்கட்டும். மெல்லிய ஒலியையும் உரத்த ஒலியையும் சமமாக்கும் அமுக்கத்தையும் தளர்த்தவேண்டும், இல்லாவிட்டால் கமகத்தின் ஏற்ற இறக்கம் தட்டையாகிவிடும். எல்லாக் கம்பெனியும் நகர்த்தலைத் தனியாக அணைக்க விடுவதில்லை. உங்கள் மாடலில் முடியுமா என்று நேரடியாகக் கேளுங்கள்.

கேட்கும்போது ஒரு குழப்பம் நேரலாம், கவனமாக இருங்கள். அதிர்வெண் தாழ்த்தல் என்று வேறொன்று இருக்கிறது. மேல்பகுதி அறவே கேட்காதவர்களுக்கு அங்குள்ள ஒலியைக் கேட்கும் பகுதிக்குக் கீழே இறக்கிக் கொடுப்பது. ஃபோனாக் கம்பெனியில் சவுண்ட்ரிகவர், ஸ்டார்க்கி கம்பெனியில் ஸ்பெக்ட்ரல் ஐக்யூ என்று பெயர்கள். அதன் நோக்கமே வேறு, அது நகர்த்தும் தூரமும் 10 ஹெர்ட்ஸ் இல்லை, பல நூறு அல்லது ஆயிரம் ஹெர்ட்ஸ். 'ஃப்ரீக்வென்சி' என்ற சொல்லைக் கேட்டதும் சிலர் அதை அணைத்துவிட்டு வேலை முடிந்தது என்பார்கள். மென்பொருளில் இரண்டும் தனித்தனி இடத்தில் இருக்கும். இசைப் புரோகிராமில் இரண்டையும் அணைக்கச் சொல்லுங்கள்.

மென்பொருளைத் தொடுமுன் காதைப் பார்ப்பது என் வழக்கம். காதில் அழுக்கு திரண்டிருந்தால் ஒலி அதில் பட்டுத் திரும்பி வெளியே கசியும். டோம் அளவு சிறிதாக இருந்தாலும், அச்சு பழசாகிச் சுருங்கியிருந்தாலும் கசிவு கூடும். கசிவு கூடினால் சிப் கடுமையாக வேலை செய்யும், நடுக்கமும் அதோடு வரும். உங்கள் அப்பாவுக்கு நான் முதலில் முயற்சி செய்வது, காதுக்கு அளவெடுத்துச் செய்த, சின்னக் காற்றுத் துளை மட்டும் உள்ள அச்சு. கசிவு குறைவதால் இசைப் புரோகிராமில் விசில் பயமில்லாமல் நகர்த்தலை அணைக்கலாம். நேரடி ஒலியும் குறைவதால், அணைக்க முடியாத மாடலாக இருந்தாலும் விம்மல் வெகுவாக அடங்கும். சொந்தக் குரல் கொஞ்சம் முழங்கும், வியர்வையில் அச்சைத் தினமும் துடைத்து உலரவைக்க வேண்டியிருக்கும். வீட்டில் டோம், வாசிக்கும்போது அச்சு என்று மாற்றிப் போடவும் சில கருவிகளில் முடியும். அப்படியானால் இரண்டுக்கும் தனித்தனி அமைப்பு வேண்டும். அச்சோ டோமோ மாற்றியவுடன், காதில் போட்ட நிலையிலேயே ஃபீட்பேக் அளவீட்டை (எவ்வளவு கசிகிறது என்று கருவி அளப்பதை) மறுபடி ஓட்டவேண்டும், இதை விட்டுவிடுகிறவர்கள் நிறைய.

நகர்த்தலுக்கு மாற்று வழிகளும் வந்துகொண்டிருக்கின்றன. ஓட்டிகான் கம்பெனி 2019-இல் ஓப்பன் எஸ் கருவியோடு கொண்டுவந்த முறை, விசில் கிளம்பும் அறிகுறி தெரிந்ததும் அந்தப் பட்டையில் மட்டும் ஒலியைக் குறுகிய துண்டுகளாக ஏற்றி இறக்கி, அது வளருமுன்பே உடைத்துவிடும். அதையும் சுருதிப்பெட்டியோடு கேட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும். விளம்பரத்தாளில் இருக்கும் 'மியூசிக்' என்ற சொல்லை நம்பி வாங்காதீர்கள்.

மலேசியாவில் ஆடியோலஜிஸ்டுகள் (கேட்புத் திறன் நிபுணர்கள்) 2016-ஆம் ஆண்டின் சட்டம் 774-இன்கீழ் பதிவு செய்யவேண்டியவர்கள். கடையில் வழி கிடைக்காவிட்டால் பதிவு பெற்ற ஒருவரிடம் போங்கள். முன்கூட்டியே அழைத்து, இசைக்காரர் வருகிறார், வாத்தியத்தோடு வருவார், கூடுதல் நேரம் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். அப்பா வயலினையும் சுருதிப்பெட்டியையும் எடுத்துப்போகட்டும். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் நாலு தந்தியையும் சுருதி சேர்த்துப் பார்த்துவிட்டு, திறந்த தந்தியை நீளமாக இழுக்கட்டும். படபடப்பு எந்த ஸ்தாயியில் வருகிறது என்று அவரே சொல்வார். நாங்கள் திரையில் பார்த்து ஊகிப்பதைவிட அது எங்களுக்கு அதிகம் உதவும். இதெல்லாம் செய்தும் தீராவிட்டால், இன்னொரு கம்பெனியின் கருவியைச் சில வாரம் சோதனைக்குக் கேட்டு வாங்கி, வாங்குமுன் இதே சோதனையை வீட்டில் அவர் உட்காரும் இடத்திலேயே செய்து பாருங்கள்.